மிக்கூவின் கடைசி நிரை

1

இது பழுது பார்க்க வந்த கதை. ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, என் கடை மேசைமேல் வைத்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் பாதி எனக்கு, பாதி என் சிநேகிதன் ஷாமிலுக்கு. ஃபோன், ரேடியோ, ரிமோட், எது வந்தாலும் திறந்து பார்ப்போம். ஆள் வராத நேரத்தில் நான் கதை எழுதுவேன். "சுரேஸ் எதையும் திறந்துருவான், மூடத்தான் தெரியாது" என்று ஷாமில் வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. அவன் ஃபோனைச் சொல்கிறானா கதையைச் சொல்கிறானா என்று நான் விசாரித்ததில்லை.

இனித் தொடங்க வேண்டும். முதல் முயற்சி:

நமுனுகுல மலையுச்சியில் பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு சோகமான மாலை—

(வேண்டாம். ஜீவராணி வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் சோகமாகவும் இல்லை. எரிச்சலாக இருந்தாள்.)

இரண்டாம் முயற்சி:

தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தேய்ந்த அந்தக் கைகள்—

(கைகள் நன்றாகத்தான் இருந்தன. தேய்ந்திருந்தது பட்டன்.)

மூன்றாம் முயற்சி, நடந்ததை நடந்தபடியே:

"அண்ணே, ஆட்டுக்குட்டி பின்னால போக மாட்டேங்குது," என்றாள் ஜீவராணி.

2

துவாய்க்குள் இருந்தது கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி. நடுவில் திரை, இடது பக்கம் திசைப் பட்டன்கள், வலது பக்கம் தாவுகிற பட்டன். உள்ளே இருந்த விளையாட்டு 'மிக்கூ'வின் இரண்டாம் பாகம்.*

* விளையாட்டின் நிஜப் பெயர் வேறு. அது எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சின்னச் சலுகையாவது வேண்டாமா?

மிக்கூ என்பது சிவப்பு மஃப்ளர் கட்டிய ஒரு மலையாடு. பாறைக்குப் பாறை தாவி, வழியில் கிடக்கும் நட்சத்திரங்களைப் பொறுக்கி, நேரம் முடிவதற்குள் உச்சியில் கொடி நட வேண்டும். நேரம் போய்விட்டால் ஒரு மேகம் வந்து ஆட்டைத் தூக்கி மறுபடியும் அடிவாரத்தில் போட்டுவிடும். முதல் பாகம் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்தது. ஷாமிலின் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததை இரண்டு பேரும் பெருவிரல் வீங்கும்வரை விளையாடியிருக்கிறோம். அதில் ஆடு முன்னால் மட்டும்தான் போகும். கடந்து வந்த பாறையைத் திரை மூடிக்கொண்டே வரும், தவறவிட்டது தவறவிட்டதுதான். பல வருடங்கள் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஆட்டுக்குத் திரும்பி நடக்கத் தெரிந்தது.

"பின்னால போறதுக்கு எதுக்கு மச்சான் ஒரு ஆடு?" என்று ஷாமில் அப்போதே கேட்டான். ஊரில் அதை விளையாடிய எல்லோருடைய அபிப்பிராயமும் அதுதான்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் நான் குழம்பிப்போனேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் எப்போதும் வலது திசைப் பட்டன்தான் தேயும். இதில் வலது புதுசு போல இருந்தது, இடது அடிவரைக்கும் தேய்ந்து போயிருந்தது.

"யாரும்மா இதை விளையாடுறது?"

"நாங்க நாலு பேரு. தேயிலை மலையில ஒண்ணா வேலை செய்யிறவங்க. ஏன், தப்பா விளையாடுறோமா?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கதை எழுதும் ஆசை எனக்கு இப்படித்தான் வரும், வெட்கமில்லாமல்.

3

தேயிலை மலையில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவில் நீங்கள் நடக்க வேண்டிய பாதைதான் உங்கள் நிரை. அதற்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, உங்கள் நிரையில் பறிக்க வேண்டிய கொழுந்தை விட்டுவிட்டு முன்னால் போகக் கூடாது. விட்டால் கங்காணி கூப்பிட்டுத் திரும்பவும் பறிக்க வைப்பார். இரண்டு, அடுத்தவள் நிரையில் அவள் கூப்பிடாமல் கை வைக்கக் கூடாது. அவள் பின்தங்கிக் கூப்பிட்டால் போய்க் கை கொடுக்கலாம், கூப்பிடாமல் கொடுத்தால் அன்றைக்குச் சண்டை நிச்சயம்.

இந்த நால்வரும் மிக்கூவின் எட்டு மலைகளையும் அப்படியே நிரை பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு மலை. கொழுந்து நிறுக்க லொறி வரும்வரை மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், உட்கார்ந்து ஒருத்தி விளையாட, மற்றவர்கள் சுற்றி நின்று சத்தம் போடுவார்கள். யாரும் பட்டனைத் தொட மாட்டார்கள்.

முதல் வாரங்களில் அவர்களால் முதல் மலையைக்கூடத் தாண்ட முடியவில்லை. காரணம், ஒரு நட்சத்திரத்தைக்கூட விட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தவறவிட்ட ஒன்றுக்காகத் திரும்பி நடப்பார்கள், அதற்குள் மேகம் வந்துவிடும். திரையின் மூலையில் குறைந்துகொண்டே வந்த இலக்கம் நேரம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இங்கயும் தண்ணிக்குக் கழிக்கிறாங்க," என்றாளாம் நால்வரில் ஒருத்தியான ஜெயலெட்சுமி. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று எடையில் கழிப்பார்கள், அதைச் சொல்கிறாள். கொஞ்ச நாளைக்கு நால்வரும் அதை அப்படியே நம்பி, மிக்கூவின் நட்சத்திரங்களைத் திருடுகிற முகந்தெரியாத கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே விளையாடியிருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் மாறவில்லை. நட்சத்திரத்தை விடுவதற்குப் பதிலாக வேகமாகப் பொறுக்கப் பழகிக்கொண்டார்கள். அதுதான் இடது பட்டனின் கதை.

(நாலாவது ஆள் அழகர், அவர்களுடைய கங்காணி. இவரை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று நிறைய யோசித்தேன். தோட்டக் கதையில் கங்காணி என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு அதட்ட வேண்டும். இவரோ, "என்னது, மலையில விளையாட்டா?" என்று பெட்டியைப் பிடுங்கி, அது என்னவென்று பார்ப்பதற்காக ஒரு தாவு தாவி, ஆடு பள்ளத்தில் விழுந்ததும், "இன்னொரு வாட்டி குடு" என்று கேட்டவர். நம்பும்படியாக இல்லை. ஆனால் பனிப்பாறை மலை அவருடைய நிரை, அவரை எடுத்தால் அந்த மலையை யார் ஏறுவது? இருக்கட்டும்.)

4

(இந்தப் பகுதியில் மழையும் அட்டைக்கடியும் இருந்தன. ஜீவராணி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "தோட்டத்தப் பத்தி எழுதினா அட்டை கடிச்சே ஆகணும்னு சட்டமாண்ணே?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

5

ஜீவராணிக்குப் பக்கத்து நிரை அகஸ்டினாவுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். பெரட்டில் யார் பெயரை எந்த வரிசையில் கூப்பிட்டாலும் இருவரும் எப்படியாவது மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார்கள். விளையாட்டுப் பெட்டியும் அகஸ்டினாவுடையதுதான். அவளுடைய மகள் நிலக்ஷனா தாதிப் பயிற்சிக்குப் போகும்போது வீட்டில் விட்டுப் போனது. விளையாட்டிலும் ஏழாவது மலை ஜீவராணிக்கு, எட்டாவதும் கடைசியுமானது அகஸ்டினாவுக்கு.

அகஸ்டினாவின் கணவர் மத்தேயுவுக்கு மொனராகலைப் பக்கம், கரும்பு ஏற்றும் லொறி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. வீடும் பார்த்தாயிற்று. ஜீவராணி என் கடைக்கு வந்த நாளிலிருந்து இரண்டாவது ஞாயிறு குடும்பத்தோடு போகிறார்கள்.

"அதுக்குள்ள கடைசி மலை ஏறிறணும்ணே. நான் ஏழாவத முடிக்கணும், அவ எட்டாவது ஏறுறத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அப்புறம் போகட்டும்."

"போன்ல பேசலாமே."

"பேசலாம். மொத மாசம் பேசுவோம். அப்புறம் காலையில ஒரு ரோசாப்பூப் படம் அனுப்புவா, நானும் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்புவேன். முன்ன எங்களோட கொழுந்து எடுத்த பஞ்சவர்ணம் போய் அப்பிடித்தான் ஆச்சு. எனக்குப் பயமா இருக்குண்ணே."

அவள் இதைச் சொன்ன விதத்தில் பகடி எதுவும் இல்லை. எனக்கும் தினமும் காலையில் ரோசாப்பூ அனுப்புகிற நாலைந்து பழைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கே பட்டனை மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

6

மாற்றினேன். ஒரு செத்துப்போன பெட்டியிலிருந்து நல்ல இடது பட்டனை எடுத்துப் பொருத்தினேன். பிறகு ஹாலிஎலயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

"பட்டன் வேலை செய்யுதான்னு பாரு," என்று ஷாமிலிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

(ஷாமில் இந்த இடத்தை வாசித்துவிட்டு, "என்னைய வில்லனாக்கிட்டியே மச்சான்" என்கிறான். இல்லை. அவனைப் போல நல்ல மனம் பதுளையில் குறைவு. அதுதான் பிரச்சினையே.)

அடுத்த சனிக்கிழமை ஜீவராணி வந்தபோது ஷாமில் பெட்டியைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"அக்கா, பட்டன் சரி. அது மட்டுமில்ல, ஆட்டத்தையும் முடிச்சே குடுத்துட்டேன். ரெண்டு மலைதான் மிச்சம் இருந்துச்சு."

திரையில் மிக்கூ கொடியின் கீழ் நின்று கையாட்டிக்கொண்டிருந்தது. வாணவேடிக்கை வேறு. ஜீவராணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நட்சத்திரம் பாதி அப்பிடியே கெடக்கு," என்றாள் கடைசியில்.

"நட்சத்திரம் எதுக்கு அக்கா? கொடிதானே முக்கியம்."

"இப்பிடிக் கொழுந்து எடுத்தா எங்க கங்காணி ஒங்கள வீட்டுக்கு அனுப்பிருவாரு தம்பி."

பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள். "ஏழாவது என்னோடது, அது போகட்டும். எட்டாவது அகஸ்டினாவோட நிரை. நான்கூட அதுல கை வச்சதில்ல."

ஷாமிலின் முகம் சுருங்கிவிட்டது. முடிந்த மலைகளுக்கு மறுபடியும் போய் விளையாடலாம் என்று நான் விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் அதிகம்.

"யாரோ பறிச்ச நிரையில போயி எதைண்ணே பறிக்கிறது?"

இந்த விளையாட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்க முடியும். கொடி இல்லாத எட்டாவது மலை வேண்டுமென்றால் முழுவதையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோருடைய மலைகளும் போகும், அழகரின் பனிப்பாறை உட்பட. அகஸ்டினா போகிற ஞாயிறு மறுநாள்.

7

மடுவத்தில் அன்று மாலை நடந்ததை நான் பார்க்கவில்லை. ஜீவராணி சொன்னபடி எழுதுகிறேன். அழகரைக் கேட்டால் தன்னைக் கொஞ்சம் கம்பீரமாகச் சொல்வார்.

"முடிஞ்சிருச்சா? நல்லதுதானே. விடு ஜீவா," என்றாள் அகஸ்டினா. சொல்லிவிட்டுக் கூடையின் கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள்.

"பறிக்காத நிரைய பறிச்சாச்சுன்னு எப்பிடிடி விடுறது?" என்றாள் ஜீவராணி.

ஜெயலெட்சுமிதான் சொன்னாள், அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று. எல்லோரும் அழகரைப் பார்த்தார்கள். பனிப்பாறை மலையில் மனிதர் ஒரு மழைக்காலம் முழுக்க வழுக்கி விழுந்திருக்கிறார்.

"என்னோட மலையும் போயிருமா?"

"போயிரும் கங்காணி."

அழகர் பிளேன்டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "அழிங்க. இந்த வாட்டி நான் வழுக்காமப் போயிக் காட்டுறேன். அப்பத்தான் நம்புவீங்க."

"நான் நாளைக்குப் போறேனே," என்றாள் அகஸ்டினா. "என்னோட மலை வந்தா யாரு ஏறுவா?"

"நீதான் ஏறுவ. பெட்டி பஸ்ஸுல வரும்," என்றாள் ஜீவராணி.

(இங்கே ஒரு வசனம் எழுதியிருந்தேன். 'நட்பு என்பது தூரத்தை அறியாத ஒரு—' அகஸ்டினா அப்படி எதுவும் சொல்லவில்லை. "பேட்டரி வயரையும் சேத்து அனுப்பு, இல்லன்னா ஒதைப்பேன்" என்றுதான் சொன்னாளாம்.)

அழித்தார்கள். பட்டனை அழுத்தியது ஜெயலெட்சுமி. மற்ற மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எங்கள் கடைக்கும் பங்கு உண்டு. பதுளையிலிருந்து மொனராகலை போகும் பஸ்ஸில் பலீல் என்றொரு கொண்டக்டர். யார் எதைக் கொடுத்தாலும் உரிய ஆளிடம் சேர்த்துவிடுவார். அகஸ்டினாவின் நிரை வந்தபோது ஜீவராணி பெட்டியைக் கடையில் கொடுத்தாள். ஷாமில் அதைத் தானே தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பலீலின் கையில் ஒப்படைத்தான். வழியில் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தான், நான் கேட்கவே இல்லை. பெட்டியோடு தேயிலைத்தூளும் லீக்ஸும் போயின. திரும்பி வந்தபோது சோளமும் விளாம்பழமும் வந்தன.

நாலாவது மலையில் அகஸ்டினா ரொம்ப நாள் திண்டாடினாள். ஒருநாள் ஃபோன் எடுத்தாள்.

"இங்க யாருமே சத்தம் போட மாட்டேங்குறாங்க ஜீவா. ஆட்டுக்குட்டி எந்தப் பக்கம் போகணும்னே எனக்குத் தெரியல."

அன்றிலிருந்து மடுவத்தில் ஜீவராணியின் ஃபோன் ஸ்பீக்கரில் கிடக்கும். அங்கே அவள் தாவுவாள். இங்கே திரையே பார்க்காத மூன்று பேர், "பின்னால பாருடி, ஒண்ணு விட்டுட்ட" என்று கத்துவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர்கள் எப்போதும் எதையாவது விட்டுவிட்டோமோ என்று பயப்படுகிறவர்கள்தானே. ரோசாப்பூப் படம் இதுவரை வரவில்லை.

இப்போது ஏழு மலைகளும் முடிந்தாயிற்று. அழகர் இந்தத் தடவையும் வழுக்கினார், ஆனால் குறைவாக. மிச்சம் எட்டாவது மட்டும். ஆகவே கதைக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. எழுதி ஜீவராணியிடம் வாசித்துக் காட்டினேன்.

அ) பெட்டி பஸ்ஸில் மொனராகலைக்குப் போகிறது. அகஸ்டினா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கொடி நடுகிறாள். இங்கே ஃபோனில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ("கைதட்டிட்டு ஃபோன வச்சிருவோம். அப்புறம்?" என்றாள் ஜீவராணி.)

ஆ) பெட்டி பஸ்ஸில் தொலைந்துபோகிறது. முடிக்காத ஆட்டமே நட்புக்கு நல்லது என்று இருவரும் புரிந்துகொள்கிறார்கள். ("பலீல் அண்ணன் பேர ஏன்ணே கெடுக்கிறீங்க? நாங்க ஒண்ணும் அப்பிடிப் புரிஞ்சுக்கவும் மாட்டோம், தேடிக்கிட்டுப் போவோம்.")

இ) ஜீவராணி பெட்டியை அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். கடைசி மலை ஏறாதவரை அகஸ்டினா பேசிக்கொண்டேயிருப்பாள் அல்லவா?

மூன்றாவதை வாசித்ததும் அவள் எழுந்து போய்க் கடை வாசலில் நின்று, மொனராகலை பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"அத நான் நெனைச்சேன்ணே," என்றாள் திரும்பி வந்து. "பெட்டி ரெண்டு வாரமா எங்க வீட்டுலதான் இருக்கு. நேத்து அவகிட்ட சொல்லிட்டேன், அனுப்ப மனசு வரலைன்னு."

"என்ன சொன்னாங்க?"

"லூசுன்னு திட்டினா. நீ அனுப்ப வேணாம், நானே வர்றேன்னா."

8

இது ஞாயிற்றுக்கிழமை பகல். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடப்பதை நடக்கும்போதே எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகஸ்டினா பலீலின் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் நினைத்திருந்ததைவிடக் குட்டையான ஆள். (முந்தைய பகுதிகளில் அவளை உயரமாக எண்ணிக்கொண்டே எழுதியிருக்கிறேன். எங்கும் உயரத்தைச் சொல்லாததால் தப்பித்தேன்.) ஜீவராணி அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. "என்னடி இப்பிடிக் கறுத்துட்ட?" என்றாள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். ஷாமில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பிளேன்டீ வாங்கப் போயிருக்கிறான்.

வாடிக்கையாளர் பெஞ்சில் இருவரும் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி அகஸ்டினாவின் கையில். எனக்குத் தெரிவது பெட்டியின் முதுகு மட்டும். ஜீவராணி தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"மேல ஒண்ணு இருக்குடி."

"பாத்தேன்."

"பின்னால."

"அதையும் பாத்தேன், சும்மா இரு."

மேகம் வரும்போது ஒரு இசை வரும். ஒரு தடவை வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை ஆடு ரொம்ப உயரத்துக்குப் போயிருக்க வேண்டும், இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அகஸ்டினாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"ஜீவா."

"என்னடி? தாவு. நேரம் போகுது."

"கைய எடு வெளிய. நான் கூப்பிடுறேன்ல, வா என் நிரைக்கு."

ஜீவராணி கைகளை எடுத்தாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். அகஸ்டினா பெட்டியைச் சரித்துக்கொடுத்தாள். இப்போது திசைப் பட்டன்கள் ஜீவராணியின் விரலில், தாவுகிற பட்டன் அகஸ்டினாவின் விரலில். ஜீவராணியின் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை, கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறாள். அகஸ்டினா அவளைத் தோளால் இடிக்கிறாள்.

எழுந்து மூன்று எட்டு வைத்தால் திரை எனக்குத் தெரிந்துவிடும். கொடி ஏறியதா, மேகம் வந்ததா என்று உங்களுக்கு எழுதிவிடலாம். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெட்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை, உங்களையும்தான்.